மாதையன் பெயரைச் சொல்லிப் பாடம் எடு

அன்பு மகள் சரிதாவுக்கு,

மலையில் நாங்கள் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், சூரத்தில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க நம்ம சாமி துணை நிற்கட்டும். சாமை அறுப்பு முடிந்தது, மழை தள்ளிப் பெய்ததால் விளைச்சல் சுமார்தான். அப்பாவுக்கு முட்டி வலி, சந்தவாசல் போய் டாக்டரைப் பாருங்கள் என்றால் ஜீப் குலுக்கல் ஆகாது என்கிறார், நீதான் போனில் அதட்ட வேண்டும்.

நீ கேட்ட விஷயத்தைப் போனில் சொல்ல முடியவில்லை கண்ணு, பாதியில் லைன் போய்விடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். மலைக்குக் கீழே கெமிக்கல் கம்பெனியில் நம்ம மாதையன் செத்ததை, உன்னிடம் இன்ஜினியருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லலாமா என்று அவன் பெண்டாட்டி அம்சவல்லியைக் கேட்கச் சொன்னாய். போனேன். "அவரு சாவ வெச்சுப் பாடம் நடத்தப் போறீங்களா அத்த?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். சொன்ன பேச்சைக் கேட்காமல் மாதையன் தானே கழிவுத் தொட்டிக்குள் குதித்தான் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள், நீயும் அதையே சொல்வாய் என்று பயந்திருக்கிறாள்.

நடந்தது வேறு. கழிவுத் தொட்டியைக் கழுவ மாதையனையும் பூபாலனையும் இறங்கச் சொன்னார்கள். உள்ளே விஷக்காற்று இருக்கிறதா என்று காட்டும் மீட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது. மாதையன், "பயமா கீது சார், மீட்டர் வரட்டும்" என்று சொன்னானாம். மேலே நின்ற இன்ஜினியர் பையன் மேனேஜருக்குப் போன் போட்டான், சாயந்திரத்துக்குள் முடி என்று பதில் வந்ததும், "ஒண்ணும் ஆவாது, எறங்குங்க" என்றுவிட்டான். முதலில் இறங்கிய பூபாலன் மயங்கி விழுந்தான். மாதையன் ஓடி இறங்கி அவனைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பிவிட்டு அங்கேயே சாய்ந்துவிட்டான். பூபாலன் பிழைத்து வந்து சொல்லித்தான் ஊருக்கே தெரியும்.

அந்த வாரமே இன்ஜினியர் பையன் மணிவேல் ஷேர் ஜீப் பிடித்து மலைக்கு வந்தான். உன் தம்பி வயசுதான் இருக்கும். அம்சவல்லி வாசலில் நின்றான், நானும் அங்கே இருந்தேன். தண்ணீர் கொடுத்தாள், குடிக்காமல் சொம்பைப் பிடித்துக்கொண்டே நின்றான். அவள் திட்டவில்லை, அழவில்லை. "அவரு பயமா கீதுன்னு சொன்னது உங்க காதுல வுழுந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். "வுழுந்துச்சுங்க. எறக்கக் கூடாதுன்னு படிச்சிருக்கேன். என் வேல போயிடும்னு பயந்துட்டேன்" என்றான். திரும்பிப் போய் விசாரணை அதிகாரிகளிடமும் அதையே சொல்லியிருக்கிறான், கம்பெனி அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. எனக்கு அவன்மேல் கோபம் ஆறவில்லை சரிதா, ஆனாலும் அவனைப் பெற்றவளையும் நினைத்துக்கொள்கிறேன்.

கம்பெனி சொன்னதை நீ சொல்ல மாட்டாய் என்று அம்சவல்லிக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன், நேற்று அவளே நம்ம வீட்டுக்கு வந்தாள். "சரிதாவ சொல்லச் சொல்லுங்க அத்த. தொழிலாளி ஒருத்தருன்னு சொல்ல வேணாம், மாதையன்னு பேரச் சொல்லணும். அவர சாமியாக்கவும் வேணாம். பயந்தாரு, பயத்தோடதான் எறங்கனாரு, அதையும் சொல்லணும்" என்றாள். உன் பிள்ளைகளும் நாளைக்கு இப்படிப்பட்ட கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போவார்கள். மீட்டரையும் கணக்கையும் நீ நன்றாகச் சொல்லித் தருவாய். மேலதிகாரி போனில் அவசரப்படுத்தும்போது முடியாது என்று சொல்ல நாக்கு எழ வேண்டுமே, அதை எப்படிச் சொல்லித் தருவது என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகள் வகுப்பிலேயே எழுந்து நின்று முடியாது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். சிரிப்பார்கள், சிரித்தாலும் விடாதே.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயசு நல்லா இருங்கள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, பாடம் முடிந்ததும் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எழுது. அம்சவல்லிக்குத் தெரிய வேண்டுமாம்.

உன் அம்மா,
சசிகலா
நெல்லிவாசல்நாடு