நாற்பது கண்ணாடித் தட்டுகள்

என் கண்ணு,

பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்காகத் தரும் விருதை வேண்டாம் என்று சொல்லிவிட்டாயாமே. "எங்கம்மாவ வெளிய துரத்தின கையால எனக்கு எதுக்கு?" என்றாயாம். விருதைக் கொடுக்கப்போகும் அந்தப் பேராசிரியரை முப்பத்தோரு வருடமாக நான் கரித்துக்கொட்டியதைக் கேட்டு வளர்ந்தவள், வேறென்ன சொல்வாய்?

ஒன்றை மட்டும் நான் சொல்லவேயில்லை. உன் அம்மா ஆராய்ச்சி செய்த அதே கூடத்தில்தான் நான் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக அவள் வளர்த்த பூஞ்சை நாற்பது கண்ணாடித் தட்டுகளில் இருந்தது. ஏதோ கெட்டுப்போய்ப் பூத்திருக்கிறது என்று நினைத்து, சோப்புப் போட்டுப் பளபளவென்று கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மகள் சந்தோஷப்படுவாள் என்றுகூட நினைத்தேன்.

"எவ இதக் கழுவினது?" என்று அந்தப் பேராசிரியர் கத்தினார். நான் துடைப்பத்தோடு நின்றேன்; அவர் கண்ணில் நான் ஒரு ஆளாகவே படவில்லை. உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான்தான் சார்" என்றாள். அன்றைக்கே அவளை ஆராய்ச்சியிலிருந்து துரத்திவிட்டார்.

சாகும்வரை அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றும் பாத்திரம் தேய்க்கும்போது பின்னால் வந்து நிற்கிறாள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

என்னை மனுஷியாக மதிக்காத அந்த ஆளை நான் மன்னிக்கமாட்டேன். அது என் கணக்கு. நீ போய் விருதை வாங்கு. வாங்கும்போது, கழுவியது யாரென்று அவரிடம் சொல்லிவிடு.

உன் அம்மாவைப் பெற்றவள்