ஹாஸ்டலும் வேண்டும், வீடும் வேண்டும்

அன்பு மகள் ரஞ்சனிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், டெல்லிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேச ஆரம்பித்தால் உன் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன். நீ அனுப்பிய முட்டிப் பட்டையை அவள் போடுவதே இல்லை, பீரோவில் வைத்து அழகு பார்க்கிறாள், கேட்டால் வலி இல்லை என்கிறாள், படி ஏறும்போது மட்டும் முருகா என்கிறாள். நீ சொன்னால்தான் கேட்பாள்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசாங்கம் ஹாஸ்டல் கட்ட நம் வீட்டையும் பக்கத்து மனைகளையும் எடுக்கப் போகிறது என்பது உனக்குத் தெரியும். அதைக் கேட்டு வாங்கியது நான்தான் என்று உன் அம்மா தினமும் சொல்லிக் காட்டுகிறாள். கிராம சபையில் எழுந்து நின்று, இந்தப் பெண்களுக்கு ஒரு ஹாஸ்டல் வேண்டும், நைட் ஷிப்ட் முடிந்து இருட்டில் நடக்காமல் பஸ் ஸ்டாப் பக்கத்திலேயே கட்டுங்கள் என்று பேசினேன், கைதட்டினார்கள். கம்பெனி பஸ் நம் வாசலில்தான் நிற்கிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. உன் வாய்தான்யா வூட்ட இட்ச்சுது என்கிறாள் அம்மா. ஆனால் பேசியது தப்பு என்றும் எனக்குத் தோன்றவில்லை. நம் பின்கட்டு அறையில் குடியிருக்கும் திருநெல்வேலிப் பெண் சுகப்பிரியாவைப் பார்த்திருக்கிறாய். அந்த ஓர் அறையில் ஆறு பெண்கள், ஒருத்தி எழுந்த பாயில் ஷிப்ட் முடிந்து வந்த இன்னொருத்தி படுக்கிறாள், பாய் ஆறுவதே இல்லை. வாடகை வாங்குகிறவனுக்குத் தெரியாதா இது.

போன மாதம் நீ அரசியல் சட்டப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினாய், சொத்து இப்போது அடிப்படை உரிமை இல்லை, ஆனாலும் சட்டம் இல்லாமல் யாரும் பிடுங்க முடியாது, அதே புத்தகத்தின் இன்னொரு பகுதியில், உழைக்கிறவர்கள் மனிதர்களாக வாழ வழி செய்ய வேண்டும் என்று அரசுக்குச் சொல்லியிருக்கிறது, இரண்டையும் சமமாக வைத்துப் பார்க்க வேண்டும் என்றாய். நல்ல புத்தகம்தான் கண்ணு. ஆனால் அதன் இரண்டு பக்கமும் நம் ஒரே வீட்டில் குடியிருந்தால் நான் என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை தண்டலம் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆட்சேபணை கேட்டார்கள். நம் வக்கீல் சக்திகுமார் காதோடு சொன்னார், ஹாஸ்டல் வந்தா ஊர் கெட்டுடும்னு சொல்லு சார், அதான் எடுபடும் என்று. எனக்கு முன்னால் பேசியவர்கள் அதையேதான் பேசினார்கள். பசங்க பைக்ல சுத்திகினு இருப்பானுங்க, கண்டவளும் வந்து தங்குவா என்று ஒருவர் மைக்கில் சொன்னார். கடைசி வரிசையில் சுகப்பிரியாவும் இன்னும் இரண்டு பெண்களும் கம்பெனி சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்தது, ஹாஸ்டல் வேணும் மேடம், என் வூடும் வேணும் மேடம் என்றேன். சிலர் சிரித்தார்கள். அதிகாரி உன் வயதுப் பெண், சிரிக்கவில்லை. வீடு எல்லோருக்கும்தான் வேண்டும் ஐயா, திட்டம் தேவையில்லை என்றோ இடம் பொருத்தமில்லை என்றோ சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்று மூன்று முறை கேட்டாள். தேவையில்லை என்று எந்த வாயால் சொல்வேன்? பொருத்தமில்லை என்று எப்படிச் சொல்வேன், பஸ் ஸ்டாப் பக்கத்தில் கட்டச் சொன்னவனே நான்தானே? ஆட்சேபணை இல்லை என்று தட்டச்சு செய்து நீட்டினாள். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். சக்திகுமார் அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை.

அன்று சாயங்காலம் சுகப்பிரியா வந்து அழுதாள். நாங்க வேற எடம் பாத்துக்கிடுதோம் மாமா, எங்களுக்காவ நீங்க வீட்ட விடாதீய என்றாள். அதெல்லாம் முடிந்துவிட்டது, ஹாஸ்டலில் நீ சௌகரியமாக இரு என்றேன். எனக்கு மே மாசத்தோட காண்ட்ராக்ட் முடியுதுல்லா மாமா, அவிய கட்டி முடிக்கையில நான் எந்த ஊர்ல கெடக்கேனோ என்றாள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. வீடு இடிந்தால் முதலில் தெருவுக்கு வரப்போவது அவளும் அந்த ஐந்து பெண்களும்தான். இன்னொருத்தி நல்லபடியாக வந்து தங்குவாள் என்று மனதைத் தேற்றிப் பார்க்கிறேன், தேறவில்லை. அரசாங்கம் கொடுக்கிற காசுக்கு, தள்ளியிருக்கும் மண்ணூர்ப் பக்கம் கூட மனை கிடைக்காது என்கிறார்கள். அம்மாவிடம் இன்னும் கையெழுத்து விஷயத்தைச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

கேஸ் போடலாம் என்று ஓடி வராதே, நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை வைத்து நீ எந்தக் கோர்ட்டில் என்ன பேச முடியும்? வேளாவேளைக்குச் சாப்பிடு, ஸ்வெட்டர் இல்லாமல் லைப்ரரிக்குப் போகாதே. காமாட்சி அம்மன் உன்னைக் கைவிட மாட்டாள். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். பரீட்சையில் தனிமனித உரிமையா, பொது நன்மையா, எது பெரியது என்று கேள்வி வந்தால், இரண்டும் சேர்ந்தே போகும் என்று புத்தகத்தில் உள்ளபடியே எழுது. நம் வீட்டை நினைத்துக்கொண்டு எழுதாதே கண்ணு, மார்க் போய்விடும்.

உன் நல்லதையே நினைத்திருக்கும்
அப்பா
வரதராஜன்