கைகள் மேலேதான் இருந்தன

என் சந்துருவுக்கு,

உன் ஹவில்தாரை நான் வீட்டை விட்டு விரட்டினேன் என்று மட்டாஞ்சேரியில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். உன் அப்பாவின் நாற்காலியில் உட்காரவைத்து, என் கையாலேயே காப்பி போட்டுக் கொடுத்தேன். பாதிக் காப்பியில் எழுந்து போனது அவன்தான். ஷூ நாடாவைக்கூடக் கட்டாமல் அவன் படியிறங்கியதை எதிர்வீடு பார்த்துவிட்டது. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதை இரண்டு தடவை கேட்டேன், அவ்வளவுதான்.

சண்டை நின்றுவிட்டது, கண்ணா. துறைமுகத்தில் குண்டு போடுவார்கள் என்று பயந்து ஜன்னல்களில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தைக் கிழித்தாயிற்று. உன்னைப் பற்றி மட்டும், நீ போய்விட்டாய் என்று வந்த தந்திக்கு மேல் எனக்கு எதுவும் தெரியாமல் இருந்தது. உன் ஹவில்தார் லீவில் தன் ஊரான ஆலுவாவுக்கு வந்தவன், என்னைத் தேடி வந்தான். அவன் பெயரை இங்கே எழுத மாட்டேன். மலையாளத்தில் அவன் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

கரும்புத் தோட்டத்திலிருந்து எதிரிச் சிப்பாய்கள் நாலு பேர் கையைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். "யாரும் சுடக்கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டு நீ முன்னால் போனாயாம். அதில் ஒருவன் சட்டைக்குள்ளிருந்து கையெறி குண்டை எடுத்து வீசினான். நீ விழுந்தாய். உன் ஹவில்தார் அவனைச் சுட்டான். பிறகு மற்ற மூன்று பேரையும் சுட்டான்.

"இதை யாரிடமும் சொல்லவில்லை அம்மே. மாசக் கடைசியில் திரும்பிப் போகிறேன். மேஜரிடம் சொல்லணுமா? நீங்கள் சொன்னால் சொல்கிறேன்."

"அந்த மூன்று பேரின் கை எங்கே இருந்தது?" என்று கேட்டேன்.

அவன் டம்ளரையே பார்த்தான்.

"கை எங்கே இருந்தது?"

"மேலேதான் இருந்தது அம்மே."

உள்ளேயிருந்து உன் அத்தை வந்துவிட்டாள். "ஏன் மன்னி, இதென்ன கோர்ட்டா? நம்ம குழந்தையைக் கொன்னவாளுக்கு இவன் மாலையா போடணும்? இவனாவது பழி வாங்கினானே!" அவள் அவனுக்காகத்தான் பேசினாள். அதைக் கேட்டதும்தான் அவன் எழுந்தான். "வரட்டே, அம்மே" என்று விடைபெற்றான். அவ்வளவுதான் நடந்தது.

போன லீவில் சாப்பிட்டுக்கொண்டே நீ போர்ச் சட்டத்தைச் சொன்னாய்: ஆயுதத்தைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கியவன் அதற்குப் பிறகு எதிரி இல்லை, நம் பொறுப்பு. அவனை அடிக்கக் கூடாது, காயத்துக்கு மருந்து போட வேண்டும், சோறும் போட வேண்டும். "இலை போட்டா? நெய்யும் உண்டா?" என்று கேலி செய்தேன். "இருந்தால் உண்டு" என்றாய். பொய்யாகக் கையைத் தூக்கினால் என்ன செய்வது என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

நான் படித்த கான்வென்ட்டில் ஒருத்தி பேசினால் வகுப்பு முழுவதும் முட்டி போட வேண்டும். அது அநியாயம் என்று பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். ஆனால் மூவரையும் சுட்டேன் என்று அவன் சொன்னபோது என் நெஞ்சு குளிர்ந்தது, சந்துரு. மறைக்க மாட்டேன். "மேலேதான் இருந்தது" என்றதும் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. அந்த இடத்துக்கு வேறு எதுவும் வரவில்லை.

அந்த மூவருக்கும் குண்டு விஷயம் தெரியுமா? அடுத்தவன் சட்டைக்குள்ளும் ஒன்று இல்லை என்று உன் ஹவில்தாருக்கு எப்படித் தெரியும்? நீ சட்டத்தை மதித்ததால் செத்தாயா, எவனோ அதை மீறியதால் செத்தாயா? பள்ளுருத்தி வக்கீலிடம் கேட்டேன். "யுத்தத்தில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள், மாமி" என்று சிரித்தார். நீ பார்த்தாயே!

மேஜரிடம் சொல் என்றால், உன்னைத் தோளில் சுமந்து வந்தவனை நானே தண்டனைக்கு அனுப்புகிறேன். சொல்லாதே என்றால், நீ கடைசியாகப் போட்ட உத்தரவை நானே அழிக்கிறேன். எதைச் செய்தால் நான் உன் அம்மா?

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். அவன் ரயிலேறுமுன் நான் ஆலுவாவுக்குப் போவேன். அவன் முகத்தைப் பார்த்து, சொல் என்றோ வேண்டாம் என்றோ ஒரு பதில் தருவேன். என் துக்கத்தைக் கேட்டு அந்தப் பதிலைச் சொல்ல மாட்டேன், தெரிந்துகொண்டு சொல்வேன்.

தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். இதைப் படிப்பவர்களில் போர்முனையில் இருந்தவர்கள், அந்தச் சட்டத்தைப் படித்தவர்கள் இருப்பீர்கள். ஒருவன் ஏமாற்றிய பிறகு, அவன் பக்கத்தில் நின்றவன் தூக்கிய கைக்கு மதிப்பு உண்டா, இல்லையா? ஆறுதல் சொல்ல யாரும் வீட்டுக்கு வர வேண்டாம். இந்தப் பத்திரிகை விலாசத்துக்கு, மாசக் கடைசிக்குள், எழுத்தில் பதில் தாருங்கள்.

உன் அம்மா