என் தெருவை எனக்கே சுற்றிக் காட்டினார்கள்

பிப்ரவரி 7, 1973 – புதன்

ரிட்டையர் ஆகிறவர்களுக்குப் பென்ஷனோடு வாய்க்கு ஒரு பூட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பக்கத்துத் தெரு வேதாந்தம் காலையிலேயே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மயிலாப்பூரைச் சுற்றிக் காட்டுகிறாராம்.

"நாலு மாட வீதியும் சுத்திண்டு வருவோம். அங்கங்க நின்னு சரித்திரம் சொல்லுவேன். நீயும் வந்துடு வடிவு."

முப்பத்தாறு வருஷமாக நான் மிதிக்கிற தெரு. வெண்டைக்காய் வாங்கப் போகிற இடத்தில் நின்று வாயைப் பிளக்க வேண்டுமா? முடியாது என்றேன்.

மைனிக்குத்தான் திடீரென்று சரித்திரத்தில் அக்கறை. "போயிட்டு வாயேன் வடிவு. பாரதியையும் கூட்டிட்டுப் போ. புள்ள வீட்டுக்குள்ளயே கெடக்கா" என்றாள். அண்ணன் பெண்டாட்டி என்னிடம் தேனாகப் பேசினால் பின்னால் ஏதோ ஒரு வேலை காத்திருக்கும். அவள் பெண் ஜெயபாரதி முகத்துக்காகச் சரி என்றேன். பத்தொன்பது வயதுப் பெண், பாவம், கடைத்தெருவைக்கூட அம்மா துணையில்லாமல் பார்த்ததில்லை.

பிப்ரவரி 10 – சனி

நடக்கப் போகிறவளுக்கு மாம்பழக் கலர் பட்டு எதற்கு? மைனி பாரதியின் புடவையை மடித்து மடித்துப் பார்க்கிறாள். கதம்பம் வாங்கி எனக்கும் ஒரு துண்டு நறுக்கி வைத்தாள். நாளைக்கு நாலரைக்கு ராகு காலமாம், அதற்கு முன்னால் வாசலைத் தாண்டிவிட வேண்டுமாம். தெரு சுற்றுவதற்கு ராகு காலமா?

எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. இதில் ஏதோ இருக்கிறது.

இனி எவன் முன்னாலும் காபித் தட்டோடு நிற்க மாட்டேன் என்று தீபாவளியன்றே அண்ணனிடம் சொல்லிவிட்டேன். வருகிறவன் பஜ்ஜியைத் தின்றுவிட்டு ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறேன் என்பான். கடிதமே வராது. அண்ணனும் "சரி, ஒன் இஷ்டம்" என்றான். இத்தனை சுலபமாக அண்ணன் எதற்கும் சரி சொன்னதில்லை.

பிப்ரவரி 11 – ஞாயிறு

பேனா முள் இரண்டு முறை காகிதத்தைக் கிழித்துவிட்டது. அவ்வளவு ஆத்திரம்.

குளக்கரையில் கூடினோம். வேதாந்தம் கையில் பிரம்பு. ஒரு வீட்டைக் காட்டி, "இது இருநூறு வருஷத்துக் கட்டடம்" என்கிறார். நான் அஞ்சாம் கிளாஸ் படிக்கும்போது அந்த வீட்டுக்குச் செங்கல் இறக்கினார்கள், நான் பார்த்தேன். சொன்னேன். "அது முன் பக்கம் மட்டும்மா" என்று மழுப்பிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். நாங்கள் ஊர்ந்த ஊர்வலத்தைப் பார்த்து ஒரு ரிக்‌ஷாக்காரன், "இன்னா நைனா, யாரு பூட்டாங்க? இம்மாம் மெதுவா போய்க்கினு கீறீங்க?" என்றான். கும்பலில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவன்தான், அவனும் கும்பலில் இல்லை.

நங்கநல்லூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அபயாம்பாள் என்று ஒரு அம்மாள், அவள் தம்பி தனபாலன், மகன் ஜவஹர். மகன் ஒல்லிப் பையன், கடைசியில் செருப்பு வாரை இழுத்துக்கொண்டே வந்தான். தம்பிக்கு நாற்பது இருக்கும், முன் வழுக்கை, கையில் குடை. சைக்கிள் ஒன்று இடிக்க வந்தபோது என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். எல்லோருக்கும் சுண்டல் வாங்கி, எனக்குக் கொடுக்கும்போது "காரம் பாத்துச் சாப்பிடுங்க" என்றார். ஒரு நிமிஷம், எழுதத்தான் வேண்டும், மரியாதையான மனுஷன் என்று நினைத்தேன்.

அதற்குள் அந்தம்மாள் என்னையும் பாரதியையும் பார்த்து ஆரம்பித்தாள். "நீங்க ரெண்டு பேரும் முன்னாடி நடங்களேன், நான் மெல்ல வாரேன்." நடந்தோம். "அந்தப் போர்டுல என்னம்மா எழுதியிருக்கு? கண்ணாடி கொண்டு வரல." கண்ணாடி மூக்கிலேயே இருக்கிறது! பாரதி வாயைத் திறப்பதற்குள் நான் படித்துவிட்டேன். குளத்துப் படிக்கு வந்ததும், "யாராச்சும் ஒரு பாட்டுப் பாடினா நல்லாருக்கும்."

நொண்டியா, கண் தெரியுமா, குரல் உண்டா. எத்தனை வீட்டுக் கூடத்தில் இதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன்! வீட்டில் வைத்துப் பார்த்தால் இவள் நிற்க மாட்டாள் என்று தெருவில் விட்டு நடக்கவைத்துப் பார்க்கிறார்கள். தம்பிக்கு.

கத்திவிட்டேன். "எனக்குக் காலும் நல்லாருக்கு, கண்ணும் நல்லாருக்கு. ஆனா ஒங்க தம்பியைக் கட்டிக்கிடுறதா நான் யார்கிட்டயும் சொல்லலை. மாடு பிடிக்கிற மாதிரி தெருவுல நடத்திப் பாக்க ஒங்களுக்கு வெக்கமா இல்ல?"

வேதாந்தத்தின் பிரம்பு அந்தரத்தில் நின்றது. தனபாலன் குடையை உயர்த்தி ஒரு டாக்ஸியை நிறுத்தினார். மூவரும் அதில் ஏறிப் போய்விட்டார்கள். பாரதி வழியெல்லாம் அழுதாள். பயந்துவிட்டாள் போலிருக்கிறது. ஒரு நாள் அவளுக்கும் புரியும், அத்தை அவளுக்காகவும் சேர்த்துத்தான் பேசினாள் என்று.

இன்றைக்குத்தான் நிமிர்ந்து நடந்தேன்.

பிப்ரவரி 12 – திங்கள்

அவர்கள் என்னைப் பார்க்க வரவில்லை.

மைனி அடுப்படியில் வைத்துச் சொன்னாள். சொல்லவில்லை, எறிந்தாள். "ஒன்னைய யாருட்டி பாக்க வந்தா? எம் பொண்ணைப் பாக்க வந்தாங்க! வீட்டுக்கு வந்து பாத்துட்டு வேண்டாம்னா ஊரு பேசுமேன்னு வெளிய வச்சிப் பாக்கச் சொன்னோம். துணைக்குத்தான ஒன்னைய அனுப்புனேன்?"

துணைக்கு.

மாப்பிள்ளை அந்தச் செருப்பு வார்ப் பையன். தனபாலன் தாய்மாமன், மூன்று பிள்ளைக்குத் தகப்பன்.

அண்ணனிடம் கேட்டேன். எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதை எப்போது நிறுத்தினீர்கள்? "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றான். எப்போது என்று சொல்லேன்! "ரெண்டு மூணு வருஷம் இருக்கும்" என்றான், பேப்பரை மடித்துக்கொண்டே.

அப்படியானால் தீபாவளிக்கு நான் வேண்டாம் என்று சொன்னேனே, எதை வேண்டாம் என்றேன்? வராததை. வீராப்பாக நின்று வராத ஆளை விரட்டியிருக்கிறேன். இவர்களும் கேட்டுவிட்டு, சரி ஒன் இஷ்டம் என்று சொல்லி, உள்ளே போய்ச் சிரித்தார்களோ? சிரிக்கக்கூட இல்லையோ?

பாரதி கதவுக்கு வெளியே நின்று, "எனக்குப் பிடிச்சிருந்துது அத்தை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பிப்ரவரி 14 – புதன்

ஆபீஸில் டைப் அடித்ததெல்லாம் தப்பு.

பிப்ரவரி 20 – செவ்வாய்

நங்கநல்லூரிலிருந்து ஆள் வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். பையன் பிடிவாதமாக நின்றானாம். இருக்கட்டும், அவள் சந்தோஷமாக இருக்கட்டும், எனக்கு வேண்டியதும் அதுதான். இந்த வீட்டில் யாராவது நம்புவார்களா?

ஆனால் அந்தம்மாள் ஒன்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். நிச்சயத்தன்று அந்த அத்தைக்காரி கண்ணில் படக் கூடாதாம். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஒரு சாயங்காலம்தான வடிவு. எங்கயாச்சும் போயிட்டு எட்டு மணிக்கு மேல வா."

இந்தப் பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டதும் டைபாய்டு வந்தபோது மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான். எங்கயாச்சும் போகணுமாம்!

தி.நகரில் வேலைக்குப் போகிற பெண்களுக்கான ஹாஸ்டலில் இடம் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 4 – ஞாயிறு

ராகு காலம் கழிந்து நிச்சயம். மத்தியானமே வெளியே வந்துவிட்டேன். மவுண்ட் ரோடு சிநேகிதி வீட்டில் பூட்டு. கோவிலில் நிற்க இடமில்லை. குளக்கரையில் வேதாந்தம் தன் கும்பலோடு நின்றார். என்னைப் பார்த்ததும் பிரம்பை இறக்கினார். "வாம்மா" என்றார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் பின்னால் நடந்தேன். இன்றும் ஒரு வருஷக் கணக்கைத் தப்பாகச் சொன்னார். திருத்தவில்லை.

எங்கள் தெரு முனையில் மனுஷன் தயங்கினார். கும்பல் அதற்குள் திரும்பிவிட்டது. வீட்டு வாசலில் வாழைமரம், சீரியல் விளக்கு, கார்கள். எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

நல்ல நாளில் வாசலில் வந்து நின்றவர்களை வெறும் கையோடு அனுப்பக் கூடாதல்லவா. மைனி லட்டுத் தட்டோடு படியிறங்கி ஒவ்வொருவராக நீட்டிக்கொண்டு வந்தாள். என் முன்னால் வந்ததும் தட்டு நின்றது. வாசல்படியில் அபயாம்பாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துக்கிடுங்க" என்றாள் மைனி. முன்பின் தெரியாதவளிடம் சொல்வதுபோல.

எடுத்துக்கொண்டேன். கும்பலில் என் பக்கத்தில் நின்ற, அடையாறிலிருந்து வந்த ஒரு அம்மாள், "யார் வீடு, தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். கும்பலோடு நடந்து போய்விட்டேன்.

எட்டு மணிக்கு மேல் வந்தேன். பாரதி பட்டுப் புடவையோடு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குத்தான் அழுகை வந்தது. பிறகு டிரங்குப் பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கினேன். ஹாஸ்டலில் இடம் கிடைத்துவிட்டது.

மைனி வாசலில் வந்து நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். "ஒனக்கு லட்டு எடுத்து வச்சிருக்கேன், சாப்பிடுதியா?" என்றாள்.

"தெருவுலயே குடுத்துட்டீங்களே மைனி" என்றேன்.