எங்க குழாயில மட்டும் தண்ணி

என் தங்கத்துக்கு,

நல்லா இருக்கியா? வேளைக்குச் சாப்பிடு, மத்ததைச் சாமி பாத்துக்கும். மாமாவுக்கு இருமல் தேவலை. ரேடியோ ரிப்பேர் கடையை மூடினதுல இருந்து வீட்டுலயேதான் இருக்கார், ஓடுற ரேடியோவைக் கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டு.

போன வாரம் உங்க முனிசிபாலிட்டி ஆபீஸ் ஆளுங்க வந்து, வீட்டு வரி பாக்கி வச்சவங்க குழாயை எல்லாம் அடைச்சாங்க. எங்க வாசலுக்கு வந்ததும், "இது மேடத்தோட அத்தை வீடுடா"ன்னு ஒருத்தன் சொன்னான். உடனே ஒரு கும்பிடு போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாங்க. நானும் பதிலுக்குக் கும்பிட்டேன், வேற என்ன பண்றது!

எதிர்வீட்டுத் தையல்காரியும் எங்களை மாதிரிதான், ரெண்டு வருஷமா வரி கட்டல. குடத்தை எடுத்துட்டு வாடின்னு கூப்பிட்டேன். "வேணாங்க்கா, ஆபீசர் வீட்டுத் தண்ணி எங்களுக்குச் செரிக்காது"ன்னுட்டா. அவ பிள்ளைங்க தெருக்கோடி பொதுக்குழாயில இருந்து தண்ணி தூக்கிட்டு வருதுங்க. சாமி கும்பிட உட்கார்ந்தா, என் குழாய் சொட்டுற சத்தம்தான் காதுல விழுது.

அவ கட்ட மாட்டேன்னு சொல்லல. மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா தர்றேங்கறா. யாராவது உட்கார்ந்து கேட்டாதானே சொல்லுவா? ஸ்பேனரும் கையுமா வந்து நின்னா என்னத்தைப் பேசுவா?

ஒரு நாள் நீயே வா, கண்ணு. முதல்ல அவ வீட்டுக்குப் போ. எவ்வளவு முடியும்னு கேட்டு எழுதிக்கோ. அதே மாதிரி எங்களுக்கும் எழுது. அதுக்குச் சட்டத்துல இடமில்லைன்னா, ஆள் அனுப்பி என் குழாயையும் அடைச்சிடு. மாமாகிட்ட சொல்லிட்டேன். குடத்தைக் கழுவி வச்சிட்டார்.

தினமும் உன் பேரைச் சொல்லிக் கும்பிடுற,
அத்தை