டேட்டாபேஸிடம் சொல்ல மறந்தேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் இப்போது மாடிப்படி ஏற விடுகிறதா? நான் நலம்.

இந்த வாரம் எங்கள் ஆபீஸ் தகவல்களையெல்லாம் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸுக்குச் சின்னதாக ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது கூடுதல் வசதி ஒன்று, எழுதினேன். ஒரு தேதியைக் கொடுத்தால், அன்றிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லும். சர்வரில் நிறுவியும்விட்டேன். எப்படிக் கேட்டாலும், ‘அப்படியொன்று இங்கே இல்லை’ என்றே பதில் வந்தது. ஏன் என்று மண்டையைக் குடைந்தது. பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“கொண்டுபோய் வச்சா போதுமா? டேட்டாபேஸ்கிட்ட சொல்ல வேணாமா?”

அதைச் சொல்ல ஒரே வரிக் கட்டளைதான்; தட்டினேன். உடனே வேலை செய்தது! சோதித்துப் பார்க்க, நான் வீட்டைவிட்டுக் கிளம்பிய தேதியைக் கொடுத்தேன். 211 என்றது.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். அம்மா காலண்டரில் தினமும் கோடு போடுகிறாளாமே, தங்கை சொன்னாள். அந்தக் கோடுகளை எண்ணிச் சொல்லுங்கள். கணக்கு இடித்தால் பிழை என் எக்ஸ்டென்ஷனில்தான் இருக்கும்.

உங்கள் மகள்