அஞ்சு பெடலுக்கு அஞ்சு அடுப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் மாடிப்படி ஏறச் சம்மதிக்கிறதா?

கிட்டார் ஒலியை மாற்றும் எஃபெக்ட் பெடல்கள் ஐந்துக்கும் தனித்தனி அடாப்டர் வேண்டும் என்றேன். "அஞ்சு பேருக்குச் சோறாக்க அஞ்சு அடுப்பாடா?" என்று நீங்கள் போனில் கேட்டதால், ஐந்தையும் ஒரே அடாப்டரில் மாட்டி, ஹோட்டல் மேடையில் பேஸ் கிட்டார் வாசித்தேன். ஸ்பீக்கர் என்னைவிட உற்சாகமாக உறுமியது.

"இன்னொரு தடவை உறுமுச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்" என்றார் மேனேஜர்.

ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாக மின்சாரம் தரும் பவர் சப்ளை வாங்கி, எல்லாவற்றையும் தனிக்குடித்தனம் வைத்துவிட்டேன். உறுமல் போனது, வேலை போகவில்லை.

என் அறையிலும் சத்தமே கிடையாது. ஒரு சின்ன வேண்டுகோள்: நான் போன் செய்யும்போது அம்மா மிக்ஸியை நிறுத்த வேண்டாம். நீங்களும் டிவியைக் குறைக்க வேண்டாம்.

ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகன்